பாட்டு விளைந்த இடம்

நுழையும்முன்

திறன்பேசியை நீட்டினால் எந்தப் பாட்டையும் நொடியில் பதிந்துவிடலாம். பதிவானது பாட்டு முழுமையுமா, அதன் ஓசை மட்டுமா? மத்தியதரைக்கடல் தீவு ஒன்றில் ஒலிநாடாக் கருவியுடன் சுற்றிய இசைவாணர் ஒருவரின் பயணத்தையும், தமிழ் மண்ணில் அவ்வாறு நடந்தோரின் பயணத்தையும் முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

இசைவாணர் வழிநடந்து ஊர் காண்பது தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் இடம்பெற்றிருப்பதை அறிவீர்கள். பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்படும் மற்றொரு பாணனுக்கு வழி கூறுகிறான். வள்ளலின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அவன் நகர்ந்துவிடுவதில்லை. நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளைக் கொண்டது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியில் எயிற்பட்டினத்துக் கடற்கரையும், வேலூரின் முல்லை நிலமும், ஆமூரின் வயலும் வருகின்றன. எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், யார் சமைத்துத் தருவார் என்பதுவரை பாணன் எடுத்துரைக்கிறான். அவன் குறிக்கும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. தாம்பரத்தைக் கடந்து தெற்கே செல்லும் பெருந்தெற்கு நெடுஞ்சாலையில் பேருந்தில் சென்றால் சில மணி நேரத்தில் அடைந்துவிடலாம். பாணன் யாழைத் தோளில் சுமந்து அவ்வழிகளில் நடந்தான். நடந்தபோது நிலத்தையும் மக்களையும் கண்டான். அவனுடைய கலைக்கு ஊர் காணுதல் ஓய்வுநேர இன்பம் அன்று. தொழிலின் ஒரு கூறு. அக்கூறு ஒலிப்பதிவுக் கருவி வந்தபின் என்னவாயிற்று என்பதே நாம் காண வேண்டுவது.

தீவுக்கு வந்த கருவி

அமெரிக்காவைச் சேர்ந்த ஆலன் லோமாக்ஸ் (1915–2002) கித்தார் இசைத்துப் பாடும் பாடகர். நாட்டுப்புறப் பாடல்களைத் தேடிப் பதிந்தவர். 1933இல் தம் தந்தையார் ஜான் லோமாக்ஸுடன் தென் மாநிலங்களின் சிறைச்சாலைகளுக்கும் பண்ணைகளுக்கும் சென்று கைதிகளும் உழைப்பாளிகளும் பாடிய பாடல்களைத் தட்டுகளில் பதிந்தார். மகிழுந்தின் பின்புறத்தில் அவர்கள் ஏற்றிச் சென்ற கருவியின் எடை 315 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 143 கிலோ. 1950இல் அவர் ஐரோப்பாவுக்கு வந்தார். உலக நாட்டுப்புற இசையை நாடுவாரியாக நெடுநேர இசைத்தட்டுகளில் தொகுக்கும் பணி அப்போது அவர் கையில் இருந்தது.

1952ஆம் ஆண்டுக் கோடையில் மயோர்க்கா தீவின் தலைநகரான பால்மாவில் நாட்டுப்புறவியல் மாநாடு ஒன்று கூடியது. மயோர்க்கா மத்தியதரைக்கடலின் மேற்குப் பகுதியில், எசுப்பானியாவுக்குக் கிழக்கே அமைந்த தீவு. பரப்பு ஏறத்தாழ 3,640 சதுர கிலோமீட்டர். வடமேற்கு விளிம்பில் திரமுந்தானா என்னும் சுண்ணாம்புக்கல் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. அதன் சரிவுகளில் கல் அடுக்கிப் படிப்படியாக அமைத்த நிலங்களில் ஒலிவ மரங்கள் வளர்கின்றன. சமவெளியில் வாதுமைத் தோப்புகளும் கோதுமை வயல்களும் பரந்துள்ளன.

எசுப்பானியா அப்போது பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சியில் இருந்தது. அவ்வாட்சியை வெறுத்த லோமாக்ஸ், மாநாட்டில் கிடைப்பதைப் பதிந்துகொண்டு திரும்பிவிடும் எண்ணத்துடனேயே வந்ததாக 1960இல் எழுதிய கட்டுரையில் குறிப்பிடுகிறார். மாநாட்டை நடத்தியோரிடமிருந்து அவருக்கு உதவி கிட்டவில்லை. அந்த மறுப்பே அவரை எசுப்பானியாவில் தங்கவைத்தது. சில நாள்களுக்கென வந்தவர் ஏறத்தாழ ஏழு மாதங்கள் மயோர்க்கா, இபிசா தீவுகளிலும் பெருநிலத்து ஊர்களிலும் பதிவு செய்தார். காவலர்கள் அவரைக் கண்காணித்தபடி இருந்தனர். வழியில் காண்பதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டும் ஒளிப்படம் எடுத்துக்கொண்டும் சென்றார்.

அதே தீவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் வேறோர் இசைமேதையும் வந்திருந்தார் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. போலந்து நாட்டுப் பியானோ இசையமைப்பாளர் சோப்பேன், 1838 நவம்பரில் உடல்நலம் தேடி மயோர்க்காவுக்கு வந்தார். மழையும் குளிரும் அவர் நோயை மிகுவித்தன. பாரிசிலிருந்து வரவேண்டிய பியானோ சுங்கச்சாவடியில் நெடுநாள் கிடந்தது. வல்தெமோசா என்னும் மலையூரின் பழைய துறவிமடத்தில் தங்கித் தம் புகழ்பெற்ற முன்னிசைத் தொகுதியை நிறைவு செய்துவிட்டு, 1839 பிப்ரவரியில் அவர் தீவைவிட்டு நீங்கினார். சோப்பேன் தம் இசையைத் தம்முடன் கொண்டுவந்தார்; அதை எழுத அவருக்கு ஓர் அறையும் ஒரு பியானோவும் வேண்டியிருந்தன. லோமாக்ஸ் தேடிவந்த இசையோ அத்தீவின் வயல்களிலேயே இருந்தது.

களத்துமேட்டில் ஒரு குரல்

மாநாட்டை ஒட்டி பால்மாவில் விழாவும் நடந்தது. பல பகுதிகளிலிருந்து வந்த குழுக்கள் ஒப்பனையுடன் மேடையில் ஆடிப் பாடின. ஒலிப்பதிவாளருக்கு இதைவிட வசதி வேறில்லை. மின்சாரம் உண்டு, பாடுவோர் வரிசையில் நிற்கிறார்கள். ஆயினும் மயோர்க்காவின் தனிச்சிறப்பான பாடல்கள் மேடைக்கு உரியவை அல்ல. உழும்போதும் அறுக்கும்போதும் ஒலிவம் பறிக்கும்போதும் கதிரடிக்கும்போதும் பாடப்படும் தொழிற்பாடல்களே அவை.

கதிரடிப்புப் பாடலை எடுத்துக்கொள்வோம். வட்டமான களத்தில் கதிரைப் பரப்பி, கோவேறு கழுதையைச் சுற்றிச்சுற்றி நடக்கவிடுவர். அதன் கயிற்றைப் பிடித்த ஒருவர் தனியாகப் பாடுவார். தாளத்திற்குள் அடங்காத நீண்ட இழுப்பு. ஓர் அசை பல சுரங்களில் வளைந்து நெளிந்து இறங்கும். அராபியர் பல நூற்றாண்டுகள் ஆண்ட தீவு ஆதலால், அக்குரல் வளைவுகளில் அவர்களின் சாயலைக் கேட்போர் உண்டு. அதை ஒலிப்பெட்டியில் மட்டும் கேட்கும் ஒருவருக்கு, பாடுபவர் ஏன் இவ்வளவு நேரம் ஓர் ஒலியை நீட்டுகிறார் என்பது விளங்காது. களத்தைக் கண்டவருக்கு விளங்கும். கோவேறு கழுதை ஒரு சுற்று வரும்வரை அவருக்கு அவசரமில்லை. வெயில் ஏறிவிட்டது, விலங்கு நிற்கக்கூடாது, குரல் ஓயாதிருந்தால் அது நடந்துகொண்டேயிருக்கும். பாட்டின் நீளம் களத்தின் சுற்றளவோடு உறவுடையது.

இத்தகைய காட்சிகளே லோமாக்ஸின் சிந்தனையை மாற்றின. எசுப்பானியாவிலும், பின்னர் 1954இல் சிசிலித் தீவில் தொடங்கி இத்தாலி முழுவதும் இத்தாலிய இசையறிஞர் தியேகோ கார்ப்பித்தெல்லாவுடன் மேற்கொண்ட பயணத்திலும், அவர் பாடுவோரின் தொண்டையையும் தோளையும் முகத்தையும் கூர்ந்து நோக்கினார். தெற்கே செல்லச்செல்ல இறுகிய தொண்டையிலிருந்து உச்சத்தில் எழும் தனிக்குரல். வடக்கே நெகிழ்ந்த குரல்களின் கூட்டிசை. மக்கள் வாழும் முறைக்கும், ஆண்பெண் உறவுக்கும், பாடும் முறைக்கும் தொடர்பு உண்டு என்னும் கோட்பாட்டை இதிலிருந்து அவர் வளர்த்தெடுத்தார். உலக இசை முழுவதையும் ஒரே அளவுகோலால் அளக்க முயன்றதாகப் பின்வந்த அறிஞர் பலர் அதைக் குறைகூறினர். அக்குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அக்கேள்வி அவருக்குள் எழுந்தது ஒலிப்பதிவுக் கூடத்தில் அன்று. ஊர்த்தெருவில் நின்று பார்த்தபோது.

பொலிப்பாட்டு

நம் கடலிலும் ஒரு தீவு உண்டு. ஈழத்தின் கிழக்கே மட்டக்களப்புப் பகுதியில் நெல்லைச் சூடடிக்கும் இடத்திற்குக் களவெட்டி என்று பெயர். மாடுகளைப் பிணைத்து, கதிரின்மேல் வட்டமாக நடத்திச் சூடு மிதிக்கும்போது பாடுவது பொலிப்பாட்டு. ‘பொலி’ என்பது பெருகுக என்னும் பொருளுடைய சொல். களவெட்டியில் அன்றாடச் சொற்களை விலக்கி, அதற்கென வழங்கும் தனிச்சொற்களையே பேசுவது உழவர் மரபு. மங்கலம் குறையக்கூடாது என்னும் நம்பிக்கை அதன் அடிப்படை. மயோர்க்கா உழவரும் மட்டக்களப்பு உழவரும் ஒருவரையொருவர் அறியார். எனினும் இருவர்க்கும் வட்டக்களம் உண்டு, சுற்றிவரும் விலங்கு உண்டு, அதை நடத்தும் குரல் உண்டு. தமிழ்நாட்டிலும் போரடிக்கும் களங்களில் பொலி பாடும் வழக்கம் இருந்தது.

ஏற்றப்பாட்டு இன்னும் தெளிவான சான்று. ஏற்றமரத்தின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே நிற்பவர் சாலில் நீரை முகந்து ஊற்றுவார். எத்தனை சால் இறைத்தாயிற்று என்னும் கணக்கைப் பாட்டே வைத்துக்கொள்ளும். எழுத்தில் படிப்பவருக்கு இடையிடையே எண்கள் ஏன் வருகின்றன என்பது புதிராக இருக்கும். கம்பரைப் பற்றி வழங்கும் செவிவழிக் கதை ஒன்று உண்டு. வயல் வழியே சென்றவர் ஏற்றம் இறைப்பவரின் பாட்டைக் கேட்டு நின்றார். பொழுது சாய்ந்ததால் பாட்டு பாதி அடியோடு நின்றுவிட்டது. அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று இரவெல்லாம் எண்ணியும் நிறைவு தராமையால், வைகறையில் மீண்டும் அவ்வயலுக்கே சென்று காத்திருந்தார் என்பர். கதையின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், பாட்டு தொடர வேலை தொடர வேண்டும் என்பதை அறிந்தவர்களே அதைப் புனைந்திருக்கிறார்கள். நீரேற்றும் மின்பொறிகள் வந்தபின் ஏற்றம் மறைந்தது; ஏற்றம் போனபின் கணக்கும் வேண்டாததாயிற்று.

சொல் எஞ்சியது, பண் மறைந்தது

தெரிந்து தெளிவோம்: பெர்சி மேக்வீன் என்னும் ஆங்கிலேய ஆட்சிப்பணி அலுவலர் தமிழ்நாட்டு நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டினார். அத்திரட்டைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து, ‘மலையருவி’ என்னும் பெயரில் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1958இல் வெளியிட்டது.

மலையருவி போன்ற தொகுப்புகள் இல்லாதிருந்தால் எத்தனையோ பாடல்களின் சொற்கள்கூட நம்மை எட்டியிருக்கமாட்டா. பேராசிரியர் நா. வானமாமலை போன்றோர் நாட்டுப்புறப் பாடல்களைச் சமூக வரலாற்றுச் சான்றுகளாகவே படிக்கக் கற்பித்தனர். ஆனால் அச்சில் வந்தது சொல் மட்டுமே. இந்த இழப்பு தமிழுக்குப் பழையது. தேவார ஏடுகள் மீட்கப்பட்டபோது பாடல்களுக்குப் பண் தெரியவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருவரைக் கொண்டே பண் வகுக்கப்பட்டது என்று மரபு கூறுகிறது. ஏட்டில் இல்லாதது ஒரு குடும்பத்தின் குரலில் இருந்தது. அப்பெண்ணின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை என்பதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். பாடியவரின் பெயரைக் குறிக்காமல் விடுவது அன்றுதொட்டு வரும் பழக்கம்.

பண்ணையும் சேர்த்துக் காக்கும் ஆற்றல், 1877இல் எடிசன் அமைத்த ஒலிவரைவிக்குப் பின்னரே மனிதருக்கு வாய்த்தது. பின்னர் மெழுகு உருளைகள் பயன்பட்டன. ஓர் உருளையில் சில நிமிடங்களே பதியும். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் மெழுகு சற்றே தேயும். இரவு முழுவதும் நீளும் கூத்துப்பாட்டை அதில் அடக்க வேண்டுமானால் எதை விடுவது, எதை வைப்பது என்று பதிவாளர் அங்கேயே முடிவு செய்தாக வேண்டும்.

1938: தமிழ்நாட்டில் ஒரு பாடகர்

நெதர்லாந்து நாட்டவரான ஆர்னால்டு பாக்கே (1899–1963) பயிற்சி பெற்ற பாடகர். 1925இல் சாந்திநிகேதனுக்கு வந்து தாகூரின் பாடல்களைக் கற்று, ஐரோப்பிய அரங்குகளில் பாடினார். அவற்றுள் 26 பாடல்களை இசைக்குறிப்புடன் 1935இல் வெளியிட்டார். முப்பதுகளில் அவர் இந்தியா, நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளில் ஒலிப்பதிவுக் கருவியுடன் பயணம் செய்தார். 1938இல் தென்னிந்தியப் பகுதிகளுக்கு வந்தபோது, நீண்ட பட்டையில் ஒலியைக் கீறிப் பதியும் செருமானியக் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. ஒலியற்ற 16 மில்லிமீட்டர் படச்சுருளிலும் அவர் ஆட்டங்களைப் பிடித்தார். அசைவு ஒரு சுருளில், ஓசை மற்றொரு பட்டையில். இரண்டையும் இணைக்கும் வசதி அன்று அவரிடம் இல்லை. ஆயினும் காதுக்குக் கேட்டது மட்டும் போதாது என்று அவர் கருதியமையாலேயே அந்தப் படச்சுருள் இன்று நமக்கு இருக்கிறது.

இதன் பயன் 46 ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. 1984இல் இசையறிஞர்கள் நாசிர் ஜெய்ராஜ்பாயும் ஏமி கேட்லினும் பாக்கேயின் பதிவுகளின் படிகளை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மாநிலங்களில் அவர் சென்ற வழியிலேயே சென்றனர். பதிவுக்கு உரியவர்களின் வழிவந்தோரைத் தேடி, பழைய குரல்களைப் போட்டுக் காட்டினர். சில கலைகள் தொடர்ந்திருந்தன, சில உருமாறியிருந்தன. அருங்காட்சியகத்திற்கென எடுத்துச் செல்லப்பட்ட ஒலி, எடுத்த ஊருக்கே திரும்பி வந்த அரிய நிகழ்ச்சி இது. ஊர், நாள், பாடிய குழு ஆகிய குறிப்புகள் இல்லாத பதிவை இவ்வாறு திருப்பிக் கொண்டுவர எவராலும் இயலாது.

திருப்பித் தருதல் என்பது பதிவாளரின் நன்றிக்கடனும் ஆகும். எசுப்பானியாவின் கலீசியாப் பகுதியில் லோமாக்ஸ் பதிந்த ஒரு குழலிசை, 1960இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் வெளியிட்ட இசைத்தட்டு ஒன்றில் பெரிய இசைக்குழுவுக்கான உருவெடுத்து உலகெங்கும் கேட்கப்பட்டது. குழலூதிய ஊரார் அதை அறிந்திருப்பரா? நம் நாட்டுப்புற மெட்டுகள் திரைப்பாடல்களாகும்போதும் இதே கேள்வி எழுகிறது. லோமாக்ஸின் பதிவுகள் இன்று இணையத்தில் கட்டணமின்றிக் கேட்கக் கிடைக்கின்றன என்பது ஓரளவு ஆறுதல்.

கேட்கும் முறை

தமிழ்நாட்டில் இப்பணியைச் செய்தவர்களுள் பாடகராகவும் ஆய்வாளராகவும் விளங்குபவர் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவர், தம் கணவர் நவநீதகிருஷ்ணனுடன் சிற்றூர்களுக்குச் சென்று பாடல்களைச் சேகரித்தார்; சேகரித்தவற்றை இருவரும் மேடையில் பாடினர். 2018இல் இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பாடத் தெரிந்தவர் பாட்டுக் கேட்கச் செல்வதில் ஒரு நன்மை உண்டு. நாம் ஒன்று பாடினால் எதிரில் இருப்பவர் கூச்சம் நீங்கி, “அப்படியில்லை, எங்கள் ஊரில் இப்படி” என்று தொடங்கிவிடுவார்.

ஒப்பாரியைப் பதிவதில்தான் களப்பணியாளரின் பக்குவம் வெளிப்படும். இழவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடுவதை நம் பெண்கள் தீங்காகக் கருதுவர். வீட்டுத் திண்ணையில் ஒலிவாங்கியை நீட்டி “ஒரு ஒப்பாரி பாடுங்கள் அம்மா” என்று கேட்பவர் அவர்களைப் புண்படுத்துகிறார். ஊருக்கு வெளியே ஒரு மரத்தடிக்குச் சென்றால் சிலர் பாடக்கூடும். இழந்தவரை நினைத்துப் பாதியில் நிறுத்திவிடவும் கூடும். அந்த நேரத்தில் கருவியை நிறுத்துவதா, ஓடவிடுவதா என்பதற்கு எந்தப் பாடநூலும் விடை தராது. நிறுத்துவதே முறை என்பது இவ்வாசிரியரின் கருத்து.

ஏரிக்கரையில் ஒரு பணி

இப்பணிக்குத் தொலைவூர் செல்ல வேண்டியதில்லை. தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் தூங்கானைமாட விமானம் கொண்ட சோழர்காலத் தேனுபுரீசுவரர் கோயில் இருக்கிறது. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம் அது. அவர் பாடியவற்றின் சந்தம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் பாடிய மெட்டு கிடைக்கவில்லை. கோயிலைக் காண வருவோர் விமானத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். சற்று அப்பால் ஏரி. ஏரி நீர் பாய்ந்த நிலங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. நடவுக்குச் சென்ற பெண்களுள் இன்று எஞ்சியிருப்போர் முதியவர்கள். தென்சென்னைப் புறநகரின் ‘பாக்கம்’ எனவும் ‘ஊர்’ எனவும் முடியும் பல ஊர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. வயல் இல்லாத ஊரில் நடவுப்பாட்டுக்கு இனி வேலை இல்லை. பாடத் தெரிந்தவர்கள் இருக்கும் ஆண்டுகளே நமக்கு உள்ள கால அளவு.

நடவுப்பாட்டை நாற்காலியில் அமர்ந்து பாடச் சொன்னால் முதியவர்கள் பலருக்கு அடி மறந்துவிடும். எழுந்து நின்று, குனிந்து, நாற்று ஊன்றுவதுபோலக் கையை அசைத்தால் அடுத்த அடி வந்துவிடும். உடல் நினைவில் வைத்திருப்பதை வாய் எடுத்துக்கொள்கிறது. ஆகவே பதிவுக்குச் செல்லும் மாணவர்கள் முதலில் பாட்டைக் கேட்க வேண்டாம். அவர்களோடு ஏரிக்கரைவரை நடந்து செல்லுங்கள். எந்த மதகிலிருந்து எந்த வயலுக்கு நீர் போனது, எத்தனை பேர் வரிசையில் நின்றனர், முதலடியை யார் எடுத்தார், மற்றவர் எங்கே சேர்ந்துகொண்டனர், கஞ்சி எப்போது வந்தது என்று கேளுங்கள். இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்தைக் காட்டி, “இதுதான் எங்கள் கழனி” என்று அவர்கள் சொல்லக்கூடும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இசைவு பெற்று, திறன்பேசியின் பதிவுப் பொத்தானை அழுத்தி, அவர்களின் பெயர், அகவை, ஊர், நாள் ஆகியவற்றை அவர்கள் குரலிலேயே முதலில் சொல்லச் செய்யுங்கள். பதிவின் ஒரு படியை அன்று மாலையே அவ்வீட்டுப் பிள்ளைகளின் திறன்பேசிக்கு அனுப்பிவிடுங்கள்.